குக்கர் வால்வும் ஓட்டல் சமையலறைக் கம்பியும்



ஷார்ஜாவில் மகன் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பினேன். "புர்ஜ் கலீஃபா பார்த்தீங்களா சார்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். பார்த்தேன். கழுத்து வலித்தது. ஆனால் அங்கே பார்த்ததில் எனக்கு எழுதத் தோன்றுவது அது இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு, கடை அடைத்த பிறகு, ஒரு ஓட்டல் சமையலறையில் ஏணி மேல் நின்றபடி என் பழைய மாணவன் ஒருவன் காட்டிய கம்பியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நீளமாகப் போகும். காபியை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

அவன் 1994-ல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், காரணம் கீழே தெரியும். இருபது வருடத்துக்கு மேலாக வளைகுடாவில் ஓட்டல் சமையலறைகளுக்குத் தீயணைப்புச் சாதனம் பொருத்தும், பராமரிக்கும் வேலை. நான் வந்திருப்பது தெரிந்து பார்க்க வந்தவன், மகன் வீட்டு சோபாவில் உட்கார்ந்ததும் முதலில் சொன்னது இதுதான்: "சார், நீங்க என்னை ஒருநாள் உட்காரச் சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளை உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

மின் உருகி பாடம் நடத்திக்கொண்டிருந்தேனாம். வெள்ளீயமும் காரீயமும் கலந்த கம்பி, மின்னோட்டம் அதிகமானால் சூடேறி உருகும், சுற்று துண்டிக்கப்படும். அப்போது இவன் எழுந்து, "சார், கரண்டே இல்லாம, வெறும் நெருப்புச் சூட்டுக்கே உருகுற ஃபியூஸ் இருக்கா?" என்று கேட்டிருக்கிறான். நான், "அது போர்ஷன்ல இல்லப்பா, உக்காரு" என்றேனாம். வகுப்பே சிரித்ததாம்.

"இருக்கு சார். அதைத்தான் நான் இருபது வருஷமா மாத்திக்கிட்டு இருக்கேன்" என்றான்.

அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்விக்கு விடை 1994-ல் என் வீட்டு அடுப்பங்கரையிலேயே இருந்தது. உங்கள் வீட்டிலும் இருக்கிறது. குக்கர் மூடியில், வெயிட் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குமிழ் இருக்குமே, சேஃப்டி வால்வு. அதன் நடுவில் இருப்பது எளிதில் உருகும் ஓர் உலோகக் கலவை. தண்ணீர் வற்றிப்போனாலோ, வெயிட் அடைத்துக்கொண்டாலோ, சூடு ஏறும். கலவை உருகி ஓட்டை திறக்கும். பருப்பு கூரையில் ஒட்டும், ஆனால் குக்கர் வெடிக்காது. "வால்வு போயிடுச்சு" என்று என் மனைவி எத்தனை முறை கடைக்கு அனுப்பியிருப்பாள்! வாங்கிக்கொண்டு வந்தேனே தவிர, அது எப்படிப் போகிறது, ஏன் போகிறது என்று இயற்பியல் ஆசிரியனான நான் ஒருமுறையும் யோசிக்கவில்லை.

இப்போது கடனை அடைக்கிறேன். முப்பது வருட வட்டியோடு.

எளிதில் உருகும் கலவைகளின் கதையில் முதலில் வரும் பெரிய பெயர் நியூட்டன். 1701-ல் பெயர் போடாமல் லத்தீனில் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை வெப்பத்துக்கு ஓர் அளவுகோல் அமைக்கப் பார்த்தது. அதற்காக வெள்ளீயம், காரீயம், பிஸ்மத் மூன்றையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து, எது எப்போது உறைகிறது என்று பார்த்தார். தனித்தனியே எடுத்தால் வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸ், பிஸ்மத் 271, காரீயம் 327. மூன்றையும் சரியாகக் கலந்தால் கொதிக்கும் தண்ணீரிலேயே உருகிவிடும். கூட்டுச் சேர்ந்தால் மூவரும் இளகிப்போகிறார்கள்! பிறகு ஜெர்மனியில் வாலண்டின் ரோஸ், பிரான்சில் டார்சே என்று 18-ம் நூற்றாண்டு வேதியியலர்கள் தத்தம் கலவைகளைச் செய்தார்கள். ரோஸ் உலோகம் 94 முதல் 98 டிகிரிக்குள் உருகும். 1860-ல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரப் பல் மருத்துவர் பார்னபஸ் வுட் இதில் காட்மியத்தையும் சேர்த்தார். வுட் உலோகம் சுமார் 70 டிகிரியிலேயே உருகும். அதில் கரண்டி செய்து சூடான டீயில் விட்டால் கரண்டி காணாமல் போகும். (வீட்டில் செய்து பார்க்காதீர்கள். காரீயமும் காட்மியமும் நஞ்சு.)

ஆனால் இது வேடிக்கையாகவே நின்றுவிடாமல் உயிர் காக்கும் பொருளாக மாறியதற்கு ஒரு விபத்து காரணம். 1803, லண்டனை அடுத்த கிரீனிச். ரிச்சர்டு டிரெவிதிக்கின் உயர் அழுத்த நீராவி எஞ்சின் ஒன்று அங்கே வேலை செய்துகொண்டிருந்தது. பார்த்துக்கொள்ள வேண்டிய பையன், அஸ்திவாரக் குழியில் விலாங்குமீன் பிடிக்கப் போய்விட்டான். எஞ்சினை ஒரு கூலியாளிடம் விட்டுவிட்டுப் போனான். அந்த ஆள் எஞ்சின் வேகமாக ஓடுவதைப் பார்த்து நிறுத்தினான். ஆனால் நீராவி வெளியேறும் வால்வின் நெம்புகோல் கட்டிவைக்கப்பட்டிருந்தது. அதை அவிழ்க்கவில்லை. கொதிகலன் வெடித்து நான்கு பேர் இறந்தார்கள்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது விலாங்குமீன் இல்லை, கட்டிவைத்த வால்வு. பாதுகாப்புக்கு வைத்த பொருள் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று மனிதன் அதைக் கட்டிவைப்பான். அதன் பிறகு டிரெவிதிக் செய்த மாற்றங்களில் ஒன்று, கொதிகலனில் நெருப்பு படும் இடத்தில் ஒரு காரீய அடைப்பான். தண்ணீர் மட்டம் இறங்கினால் ஈயம் உருகும், நீராவி நெருப்பின் மேல் பாயும். இதைக் கட்டிவைக்க முடியாது. நம் ஊரில் ஓடிய கரி எஞ்சின்களிலும் இந்த லெட் பிளக் இருந்தது. பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்த உறவினர்கள் நம் குடும்பத்தில் உண்டே, வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிளக்கை உருகவிட்ட டிரைவர் மேலதிகாரி முன்னால் நிற்பது எப்படியிருக்கும் என்று சொல்வார்கள்.

பிறகு ஒரு பாடம் கிடைத்தது. 1830-களில் அமெரிக்காவில் நீராவிப் படகுகள் அடிக்கடி வெடித்தன. பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் நிறுவனம் அரசுப் பணத்தில் ஆராய்ந்தது. உருகும் கலவைத் தகடுகளையும் சோதித்தார்கள். கலவையின் விகிதம் சரியில்லை என்றால், ஒரு பகுதி முன்னதாகவே இளகி அழுத்தத்தில் பிதுங்கி வெளியேறிவிடுகிறது, மிச்சம் இருப்பது முன்பைவிட அதிகச் சூட்டில்தான் உருகுகிறது என்று தெரிந்தது. அதாவது, பார்க்கத் தகடு அப்படியே இருக்கும். ஆனால் உருக வேண்டிய நேரத்தில் உருகாது. கூழாகாமல், ஒரே வெப்பநிலையில் சட்டென்று நீராகும் விகிதம் ஒன்று உண்டு. பதினொன்றாம் வகுப்பு வேதியியல் படித்தவர்களுக்கு யூடெக்டிக் என்ற சொல் எங்கோ மணியடிக்கலாம். ரேடியோ கடைக்காரர் வைக்கும் ஈயப்பற்று அந்த வகை: வெள்ளீயம் 63 பங்கு, காரீயம் 37 பங்கு, சரியாக 183 டிகிரி. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீயணைப்புக்கு வருகிறேன். 1806-லேயே இங்கிலாந்தில் ஜான் கேரி என்பவர் ஒரு யோசனை சொன்னார். துளையிட்ட குழாய், அதற்கு ஒரு வால்வு, வால்வை மூடிவைக்க எடைகள், எடைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் கயிறு. தீப்பிடித்தால் கயிறு எரியும், எடை விழும், வால்வு திறக்கும். சிரிக்காதீர்கள். இன்றைய ஓட்டல் சமையலறைச் சாதனத்தின் முழுத் தத்துவமும் இதுதான். இழுத்துக் கட்டிய ஒரு கயிறு, நெருப்பு அதை அறுத்தால் வேலை தொடங்கும். கயிறு எரிய நேரமாகும், எலி கடித்தாலும் அறுந்து தொலைக்கும் என்பதுதான் குறை. கயிற்றுக்குக் கம்பியையும், அறுபடும் இடத்துக்கு உருகும் பற்றையும் வைத்தால் இரண்டும் தீரும். அதற்கு அறுபது எழுபது வருடம் பிடித்தது.

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் பஞ்சாலைகள் மலிந்த காலம். பஞ்சும் எண்ணெய் ஊறிய மரத்தளமும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்! 1874-ல் நியூ ஹேவனில் பியானோ தொழிற்சாலை வைத்திருந்த ஹென்றி பார்மலீ, தன் சொந்தக் கட்டடத்தைக் காப்பாற்றிக்கொள்ள, ஈயப்பற்றால் மூடிய நீர்த்தெளிப்பான் செய்தார். ஆனால் பற்றுக்குப் பின்னாலேயே குளிர்ந்த தண்ணீர் நின்றதால் அது சூடேற நேரமானது. 1881-ல் பிராவிடன்ஸ் நகரத்து ஃபிரெடரிக் கிரின்னல் பற்று வைக்கும் இடத்தைத் தண்ணீரிலிருந்து விலக்கி, நெம்புகோல் வைத்துத் தீர்த்தார். அதே ஆலைகளில் தீத்தடுப்புக் கதவுகளும் வந்தன. சரிவான தண்டவாளத்தில் கனமான கதவு, எடையோடு கட்டிய கயிறு, நடுவே பித்தளைத் தகடு இரண்டைப் பற்றவைத்த ஓர் இணைப்பு. சூடு பட்டால் தகடுகள் பிரியும், கதவு தானே உருண்டு வந்து மூடும். இந்த இணைப்புக்குத்தான் ஆங்கிலத்தில் ஃபியூசிபிள் லிங்க் என்று பெயர். என் மாணவன் சுருக்கமாக "லிங்க்" என்பான். கட்டைவிரல் அகலம்கூட இல்லாத இரண்டு தகடு, நடுவே மெல்லிய பற்று, இரு முனையிலும் கொக்கி மாட்ட ஓட்டை. அவ்வளவுதான் அந்த வஸ்து.

ஓட்டல் சமையலறைக்கு இது வர ஏன் தாமதம்? காரணம் எண்ணெய். இந்த இடத்தில் உறவினர்களுக்குத் தெரிந்த, மாணவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் சித்தப்பா தவசுப்பிள்ளை. கல்யாணச் சமையலில் பெயர் எடுத்தவர். 1974-ல் ஒரு முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி, அப்பளம் பொரிக்கும் வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டது. அவர் சாக்கை நனைத்து மூடப் போனார். அதற்குள் கைவேலைக்கு வந்த பையன் பதறிப்போய் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டான். எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் போய், அந்தச் சூட்டில் கணத்தில் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1,700 லிட்டர் நீராவி. அது எரிகிற எண்ணெயைத் தூக்கி எறியும். கொட்டகைக் கீற்று வரை நெருப்பு போனது. சித்தப்பா பிழைத்தார். வலது கையிலிருந்து கழுத்து வரை இருந்த தழும்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டைதான். அதன் பிறகு அவரால் பெரிய கரண்டி பிடிக்க முடியவில்லை, பந்தி மேற்பார்வைக்கு மட்டும் போவார். அந்தப் பையன் என்ன ஆனான் என்று வீட்டில் யாரும் பேசியதில்லை. அவனுக்குப் பதினாலு வயது இருக்கலாம். அவன் மேல் தப்பு என்று அன்று எல்லோரும் சொன்னோம். நெருப்புக்குத் தண்ணீர் என்றுதான் அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்திலும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தோம்.

ஆக, எண்ணெய்க்கு மேல் நீர்த்தெளிப்பானை வைத்தால் மட்டும் பிரச்சினை தீராது, வேறு மருந்து வேண்டும். 1960-களில் அமெரிக்காவில் சமையலறைக்கென்றே தயாரான சாதனங்கள் வந்தன. விஸ்கான்சின் மாநிலத்து ஆன்சுல் நிறுவனம் இதில் முன்னோடி. முதலில் உலர்தூள், நம் ஆப்ப சோடா குடும்பம்தான். சூடான கொழுப்போடு காரம் சேர்ந்தால் என்ன ஆகும்? சோப்பு! எரியும் கொழுப்பின் மேல் சோப்பு நுரை படிந்து காற்றை அடைத்துவிடும். சவர்க்காரம் காய்ச்சும் வேதியியலே தீயணைப்பு. 1980-களில் தூளுக்குப் பதிலாகப் பொட்டாசியம் உப்புகள் கரைந்த காரத் திரவம் வந்தது. அது சோப்பும் ஆக்கும், குளிரவும் வைக்கும்.

இதற்குள் சமையலே மாறிவிட்டது. அமெரிக்கர்கள் அதுவரை மாட்டுக்கொழுப்பிலும் பன்றிக்கொழுப்பிலும் பொரித்தார்கள். அது சுலபமாகச் சோப்பாகும். உடல்நலப் பேச்சு கிளம்பியதும் தாவர எண்ணெய்க்கு மாறினார்கள். மெக்டொனால்ட்ஸ் 1990-ல் மாறியது. தாவர எண்ணெய் எளிதில் சோப்பாகாது, இன்னும் அதிகச் சூட்டில்தான் தானே பற்றும். கூடவே, எரிபொருள் மிச்சம் பிடிக்க ஃப்ரையர்களுக்குச் சுற்றிலும் வெப்பக் காப்பு போட்டார்கள். நெருப்பு அணைந்தாலும் எண்ணெய் ஆறாது, மறுபடி பற்றும். பழைய சாதனங்கள் தோற்கத் தொடங்கின. அதனால் அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் என்ற சோதனை நிறுவனம் புதிய விதி கொண்டுவந்தது. யூஎல் 300 என்று பெயர், 1994 நவம்பர் 21 முதல் நடைமுறை. எண்ணெயைத் தானே பற்றும் வரை சூடாக்கி, இரண்டு நிமிடம் எரியவிட்டு, பிறகு அணைக்க வேண்டும், மறுபடி பற்றவும் கூடாது. என் மாணவன் கேள்வி கேட்டு, நான் உட்காரச் சொன்ன அதே வருடம்!

சரி, அந்தக் கம்பி. ராத்திரி ஒரு மணி என்றேனே, அங்கே போவோம்.

அடுப்பு வரிசைக்கு மேலே எவர்சில்வர் புகைக்கூண்டு. வடிகட்டிகளைக் கழற்றினால் உள்ளே சுவரோடு ஓடுகிறது ஒரு கண்ட்யூட் குழாய். குழாய்க்குள் எவர்சில்வர் கம்பிக்கயிறு, ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தடிமன், அதாவது 1.6 மில்லிமீட்டர். சமையலறைச் சுவரில் இருக்கும் பெட்டியிலிருந்து கிளம்பி, புகைக்கூண்டுக்குள் போய், ஒவ்வொரு அடுப்புக்கு மேலும் ஒரு பிராக்கெட் வழியாகப் போகிறது. அந்தப் பிராக்கெட்டில் கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கை. இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது நம் லிங்க். பெட்டிக்குள் ஒரு பலமான ஸ்பிரிங். கம்பி விறைப்பாக இருக்கும்வரை ஸ்பிரிங் அடங்கிக் கிடக்கும். எந்த ஒரு லிங்க் பிரிந்தாலும் கை விரியும், கம்பி தொய்யும், ஸ்பிரிங் பாயும். ஓர் ஊசி வாயு நிரப்பிய சிறு உருளையைக் குத்தும். அந்த வாயு தொட்டியில் இருக்கும் திரவத்தைத் தள்ள, முனைகள் வழியாக அடுப்புகள் மேல் பொழியும். அதே பாய்ச்சலில் கேஸ் வால்வும் மூடிக்கொள்ளும். மின்சாரமே வேண்டாம். கரண்ட் போனாலும் வேலை செய்யும். "பேட்டரி தீர்ந்துபோச்சுன்னு சாக்கு சொல்ல முடியாத சாமான் சார் இது" என்றான்.

நான் கேட்ட முதல் கேள்வி மூலைகளைப் பற்றி. குழாய் திரும்பும் இடத்திலெல்லாம் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் குட்டிச் சக்கரம். கார்னர் புல்லி. கம்பியை வெறுமனே வளைத்துக்கொண்டு போகக் கூடாதா?

கேட்டுவிட்டு நானே விடை சொன்னேன், ஆசிரியப் புத்தி போகாதே. முரட்டு மாட்டின் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு சிறுவன் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளலாம். மாடு இழுக்கும் விசையை மரத்தின் உராய்வு தின்றுவிடுகிறது. ஆய்லர் இதற்கு வாய்பாடு தந்திருக்கிறார். உராய்வுக் குணகம் 0.3 என்று வையுங்கள். ஒரு செங்கோண மூலையைச் சுற்றினால் விசை 1.6 மடங்கு மாறும். ஆறு மூலை சுற்றினால் 1.6-ஐ ஆறு முறை பெருக்க வேண்டும், கிட்டத்தட்ட 17 மடங்கு. பெட்டி அருகே கம்பியை 17 கிலோ விசையில் இழுத்துக் கட்டினாலும், கடைசி லிங்க்குக்குப் போய்ச் சேருவது ஒரு கிலோதான். பற்று இளகினாலும் தகடுகளைப் பிரித்து இழுக்க விசை வேண்டுமே! கடைசி அடுப்பில் தீப்பிடித்தால், லிங்க் இளகிய பிறகும் ஒட்டிக்கொண்டே இருக்கலாம். அதற்குத்தான் சக்கரம். இத்தனை சக்கரத்துக்கு மேல் கூடாது, கம்பி இத்தனை நீளத்துக்கு மேல் கூடாது என்று தயாரிப்பாளர் எல்லை வைப்பதும் அதற்குத்தான். செல்போனில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவன், "இத்தனை வருஷமா எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன், ஏன்னு இப்பத்தான் சார் முழுசாப் புரியுது" என்றான். கடனில் ஒரு தவணை அடைந்த மாதிரி இருந்தது.

பிறகு அவன் எனக்குப் பாடம் எடுத்தான். லிங்க் ஒவ்வொன்றிலும் உருகும் வெப்பநிலை பொறித்திருக்கும். 165 ஃபாரன்ஹீட், 212, 280, 360, 450, 500. நமக்குப் பழகிய கணக்கில் 74, 100, 138, 182, 232, 260 டிகிரி. எண்களைப் பாருங்கள். 74, வுட் உலோகத்துக்கு அருகில். 100, ரோஸ் உலோகத்துக்கு அருகில். 182, ரேடியோ கடை ஈயப்பற்று. 232, சுத்த வெள்ளீயம். நியூட்டன் போட்ட ஏணிப்படிகள் ஓட்டல் அடுப்புக்கு மேல் தொங்குகின்றன.

எந்த லிங்க் எங்கே என்பதில்தான் தொழில் இருக்கிறது. முழு வேலை நடக்கும்போது புகைக்கூண்டுக்குள் அதிகபட்சச் சூடு எவ்வளவு என்று அளந்து, அதற்கு மேலே போட வேண்டும். குறைவானதைப் போட்டால் தீயே இல்லாமல் உருகும். எண்ணெய்ச் சட்டியெல்லாம் சோப்புத் தண்ணீர். அன்றைய வியாபாரம் போச்சு. அதிகமானதைப் போட்டால் தீ பெரிதான பிறகுதான் தெரியும். புதிது வாங்கி மாட்டிவிட்டு மறந்துவிடவும் முடியாது. எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் சூடு ஏறத் தாமதமாகும். எந்நேரமும் விசையில் தொங்கும் பற்று மெல்ல நீளும். அதனால் அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் 96-ம் எண் விதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பற்றுவைத்த லிங்க்குகளை மாற்றச் சொல்கிறது. (சங்கம் தொடங்கியது 1896. இந்த 96 வரிசை எண், வருடம் இல்லை. நானும் முதலில் ஏமாந்தேன்.)

இனி அவன் பெயரைப் போடாததன் காரணம். சில வருடம் முன்பு ஒரு ஓட்டலுக்குப் புதிதாகப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்துப் போயிருக்கிறான். வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தால், ஃப்ரையருக்கு மேல் இருந்த பிராக்கெட்டில் இரண்டு கையையும் சேர்த்துக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. லிங்க் பேருக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. விசாரித்தால், இரண்டு வெள்ளிக்கிழமை, கூட்ட நேரத்தில் தானாகவே உருகிக் கடையை மூடவைத்ததாம். முன்னால் இருந்தவர்கள் 360 போட வேண்டிய இடத்தில் 212 போட்டிருந்ததுதான் காரணம். அதைக் கண்டுபிடிக்க யாருக்கும் பொறுமையில்லை, கட்டுக்கம்பி சுலபம். கிரீனிச்சில் 1803-ல் கட்டிவைத்த அதே வால்வு!

இவன் கம்பியை வெட்டி எறிந்து, சூட்டை அளந்து, சரியான லிங்க் போட்டுத் தருகிறேன் என்றான். முதலாளி, "மறுபடி கடை நின்னா நஷ்டத்தை நீ தருவியா? கம்பி இருக்கட்டும், சீட்டை ஒட்டிட்டுப் போ" என்றார். இவன் சோதனைச் சீட்டை ஒட்ட மறுத்தான். ஒப்பந்தம் போனது. அவன் நிறுவனத்திலும் பேச்சு வாங்கினான், அந்த வருடம் சம்பள உயர்வு இல்லை. வேறு யாரோ வந்து சீட்டு ஒட்டினார்கள்.

"அப்புறம் அங்க ஏதாவது ஆச்சாப்பா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகலை சார். கடை நல்லாத்தான் ஓடுது. அதான் சார் இந்த வேலையில கஷ்டம். நான் பண்ணது சரின்னு நிரூபிக்க அங்க நாலு பேர் வேகணும். அப்படி ஒரு சரி எனக்கு வேண்டாம்."

எனக்குச் சித்தப்பாவின் முழுக்கைச் சட்டை நினைவுக்கு வந்தது. அதை அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் பிராக்கெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் சோதனை. வாயு உருளையை முதலில் கழற்றித் தனியே வைத்தான், இல்லாவிட்டால் எங்கள் தலை மேலேயே பொழிந்திருக்கும். "சார், நீங்களே வெட்டுங்க" என்று குறட்டை என் கையில் கொடுத்தான். எந்த லிங்க்கை வெட்டட்டும் என்று கேட்டதற்கு, "கடைசி" என்றான். பெட்டியிலிருந்து மிகத் தொலைவில், அத்தனை மூலைகளும் தாண்டியது எதுவோ அதை வெட்டி, பெட்டி கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுபத்தொரு வயதில் ஏணியில் மூன்று படி ஏறினேன் (மகனிடம் யாரும் சொல்ல வேண்டாம்). வெட்டினேன். பிராக்கெட்டின் கைகள் படக்கென்று விரிந்தன. அதே நொடி, அறையின் மறுகோடியில் பெட்டிக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம். பின்னாலேயே கேஸ் வால்வு விழும் சத்தம். அடுப்பில் அவன் எரியவிட்டிருந்த சின்னச் சுடர் நீலமாகச் சுருங்கி அணைந்தது.

புது லிங்க்குகளை மாட்டி, கம்பியை விறைத்து, உருளையைத் திரும்பப் பொருத்தி, சீட்டில் தேதி எழுதி முடிக்க மணி மூன்றாகிவிட்டது. கழற்றிய பழைய லிங்க்குகளை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டான், யாரும் எடுத்து மறுபடி மாட்டிவிடக் கூடாதாம். ஒன்றை மட்டும் துடைத்து என்னிடம் கொடுத்தான். 360 என்று பொறித்திருக்கிறது. கீழே படம் போட்டிருக்கிறேன், அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தோடு.

நேற்று என் மனைவி அதை எடுத்துப் பார்த்து, "இதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க?" என்றாள். குக்கர் வால்வு மாற்றி எத்தனை வருடமாகிறது என்று கேட்டேன். யோசித்தாள். சாயங்காலம் இரண்டு பேருமாகக் கடைத்தெருவுக்குப் போய் ஒன்று வாங்கி வந்தோம்.